முத்துராக்கு வீட்டுத் தண்ணீர்

கோரைக்குடியில் முத்துராக்கு வீட்டுக் கொல்லைக் கிணறு இனித்தது ஒரு பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்து பாத்திரம் விளக்குகிற நேரம். அதற்கு முன்னால் அந்த ஊரில் தண்ணீர் இனித்ததை யாரும் பார்த்ததில்லை, பார்த்தவர்களைப் பார்த்தவர்களும் இல்லை. கடல் நாலு கல் தள்ளி இருந்தாலும் தரைக்கு அடியால் வந்து ஊருக்குக் கீழேதான் படுத்துக் கிடந்தது. எங்கே தோண்டினாலும் உப்பு, குளித்தால் தலைமுடி சிக்குப் பிடிக்கும், துவைத்தால் வேட்டி பழுப்பேறும், பருப்பு விறகைத் தின்னுமே தவிர வேகாது. குடிப்பதற்கென்று பெண்கள் தள்ளுவண்டியில் நாலு குடத்தை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடைமணலுக்குப் போய், ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் கோரி ஊற்றி, நாலு குடமும் நிறைவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். வாரத்துக்கு இரண்டு தரம் தண்ணீர் லாரி வரும். அது வந்தால் கூடவே சண்டையும் வரும்.

அப்படிப்பட்ட ஊரில் முத்துராக்கு வாய் கொப்பளிக்க ஒரு கை தண்ணீரை அள்ளியவள் கொப்பளிக்காமல் விழுங்கிவிட்டாள். இன்னொரு கை அள்ளிக் குடித்தாள். பிறகு மிச்சமிருந்த பாத்திரங்களை விளக்கி, கவிழ்த்து வைத்து, சேலையை உதறிவிட்டுத்தான் பக்கத்து வீட்டு இருளாயியைக் கூப்பிட்டாள். இருளாயி அவளுடைய கொழுந்தன் முறைக்காரன் பெண்டாட்டி. கோழி வேலி தாண்டி வருகிற விஷயத்தில் இரண்டு பேருக்கும் பதினைந்து வருஷமாக வழக்கு உண்டு. இருளாயி ஒரு செம்பு தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "ஏண்டி, சீனி மூட்டையப் போட்டுத் தொலைச்சிட்டியா கிணத்துல?" என்று கேட்டாள். அதற்குள் அவள் வீட்டுக் குடம் அவள் இடுப்பில் இருந்தது.

எப்படி இனித்தது என்று கோரைக்குடியில் ஒருவரும் கேட்கவில்லை. தண்ணீர் என்றால் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிற ஊர் அது, நின்று யோசிக்கிற ஊர் இல்லை. நாற்பத்தேழு வீடும் அந்தக் கிணற்றில் இறைத்துக் குடித்தது, பருப்பு வெந்தது, பெண்களுக்கு முற்பகல் என்று ஒன்று புதிதாகக் கிடைத்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் சிலர் தூங்கினார்கள், சிலர் ஒருவர் தலையில் ஒருவர் பேன் பார்த்தார்கள்.

வைகாசியில் முத்துராக்குவின் சினையாடு ரோட்டில் வேன் அடித்துச் செத்தது. அந்த நிமிஷத்தில் கிணறு மட்டுமல்ல, கிணற்றிலிருந்து எடுத்துப் போன தண்ணீரெல்லாம் கரித்தது. குடத்தில் இருந்தது கரித்தது, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த ரசம் கரித்தது, டீக்கடையில் பாதி குடித்த டீயின் மறுபாதி கரித்தது. மூன்று நாள் அவள் ஆட்டுக்காக அழுதாள், மூன்று நாளும் ஊர் உப்புத் தண்ணீர் குடித்தது. நாலாம் நாள் அவள் கணவன் சாத்தையா கரிமூட்டத்துக்குக் கிளம்பிப் போனான். அன்று மத்தியானம் தண்ணீர் மறுபடி இனித்தது. ஊர்த் தலைவர் வில்வத்துரை தன் வீட்டு வாசலில் நின்று ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "அந்தப் பிள்ளை மனசுதான்டா இந்தத் தண்ணி" என்று சொன்னார். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. மழை வானத்திலிருந்து வருகிறது என்பதைப் போல அதையும் ஒப்புக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

சாத்தையாவின் வேலை கரிமூட்டம் போடுவது. சீமைக் கருவேல மரத்தை வெட்டி, ஆளுயரத்துக்கு அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் பூசி உள்ளே தீயை வைத்துவிட்டால், எட்டு நாளைக்குப் பக்கத்திலேயே கிடக்க வேண்டும்; மண்ணில் விரிசல் விட்டால் உடனே குழைத்து அடைக்க வேண்டும், அடைக்காவிட்டால் காற்றுப் புகுந்து மரமெல்லாம் சாம்பலாகிப் போகும். எட்டு நாள் காட்டில், மூன்று நாள் வீட்டில். இப்படியே இருபத்தாறு வருஷம். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று. சாத்தையா நல்ல மனுஷன், குடி கிடையாது, கை நீட்ட மாட்டான், ஆனால் பேச்சுக்காரன். எட்டு நாளும் பேச ஆளில்லாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் மூன்று நாளில் அவளிடம் பேசித் தீர்ப்பான், அவள் சோறு வடிக்கும்போது அடுப்படியில் நிற்பான், துணி துவைக்கும்போது கல்லுக்குப் பக்கத்தில் குந்துவான், அவள் கண்ணை மூடினால் "தூங்கிட்டியா?" என்று கேட்பான்.

தண்ணீர் அவள் மனசு என்று ஊர் சொன்ன அன்றைக்கு அவன் காட்டில் இருந்தான். சேதி கேள்விப்பட்டு வந்தவன் முதல் வேலையாகக் கண்ணாடி முன்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டான். தண்ணீர் இனிக்கிறதென்றால் முத்துராக்கு சந்தோஷமாக இருக்கிறாள். அவள் சந்தோஷமாக இருக்கிறாளென்றால் அதற்குக் காரணம் யார்? அதை அவன் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு அது அவனுக்குச் சந்தேகமாக இல்லை.

ஊருக்கும் இல்லை. ஆனி மாதம் கூட்டம் போட்டார்கள். தண்ணீரை நம்பித்தான் ஊர் என்று ஆகிவிட்டதால் அந்தச் சந்தோஷம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது ஊரின் பொறுப்பு என்று பேசினார்கள். வில்வத்துரை தொண்டையைச் செருமிக்கொண்டு முடிவைச் சொன்னார்.

"பொம்பளைக்குப் புருசன் பக்கத்துல இருக்கறத விட வேற என்னய்யா சந்தோசம் இருக்கப்போகுது? எட்டு நாளு காட்டுல கெடந்தா அந்தப் பிள்ளைக்கு ஏக்கமா இருக்காதா? சாத்தையா, நீ இனிமே மூட்டத்துக்குப் போகாத. வீட்டுக்கு ஒரு ஆளு முறை வச்சு ஒன் மூட்டத்த நாங்க பாத்துக்கிறோம். நீ அது கூடயே இரு."

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து யாரோ இருமினார்கள். சாத்தையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரே கைதட்டியது. முத்துராக்குவை ஒருவரும் கேட்கவில்லை. அவள் வீட்டில் உலை வைத்திருந்ததால் கூட்டத்துக்கு வரவுமில்லை.

அன்றிலிருந்து அவளைச் சந்தோஷமாக வைத்திருக்கும் வேலை நடந்தது. அவள் தண்ணீர் இறைக்கக் கூடாது, விறகு பொறுக்கக் கூடாது என்றார்கள். முறை வைத்துக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். சாவுச் சேதியை அவள் தெருவில் உரக்கச் சொல்லக் கூடாது என்று ஏற்பாடாயிற்று. மத்தியான நேரத்தில் நாலைந்து பெண்கள் வந்து உட்கார்ந்து சிரிப்புக் கதை சொன்னார்கள். கதை முடிந்ததும் அவள் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒருத்தி எழுந்து போய்த் தண்ணீரை ருசி பார்த்துவிட்டு வந்தாள். இருளாயி இனிமேல் கோழிச் சண்டை போடக் கூடாது என்று வில்வத்துரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இருளாயி கோழிகளை அடைத்துப் போட்டுவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பல்லைக் காட்டினாள், முத்துராக்கு இந்தப் பக்கம் நின்று பல்லைக் காட்டினாள். பதினைந்து வருஷத்தில் இரண்டு பேரும் அவ்வளவு சங்கடப்பட்டதே இல்லை.

சாத்தையா மட்டும் என்ன குறை வைத்தான்? காலையில் எழுந்தவுடன் "சந்தோசமா இருக்கியா முத்துராக்கு?" என்பான். சாப்பிடும்போது கேட்பான், படுக்கும்போது கேட்பான். அவள் "இருக்கேங்க, எனக்கென்ன கொறச்சல்" என்பாள். பொய் சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, அவள் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். ஆனால் ஆடியில் தண்ணீரின் இனிப்பு சப்பென்று ஆனது, புரட்டாசியில் நாக்கின் ஓரத்தில் லேசாக உப்பு உறைத்தது, கார்த்திகையில் கரித்தது.

இதற்கு நடுவில் ஒரு நாள் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போயிருந்தார். அது ஆனி மாதத்து முதல் வாரம், தண்ணீர் நன்றாக இனித்த சமயம். கோரைக்குடிக்கு நல்ல தண்ணீர் இருக்கிறதென்று எழுதி லாரியை நிறுத்திவிட்டார்கள். ஊற்றுக் குழிகள் ஐப்பசி மழையில் மண் மூடிப் போய், மறுபடி தோண்டினால் அங்கேயும் உப்பே ஊறியது. தை பிறந்தபோது ஊருக்குக் குடிக்க முத்துராக்கு வீட்டு உப்புத் தண்ணீரை விட்டால் வேறில்லை. வில்வத்துரை மூன்று தரம் மனுவோடு போய் நின்று பார்த்தார். "நல்ல தண்ணிக் கிணறுன்னு ரெக்கார்டுல இருக்கே" என்று மூன்று தரமும் திருப்பி அனுப்பினார்கள். பொண்ணு மனசு சரியில்லை சார் என்று எந்த அதிகாரியிடம் சொல்வது?

அவளை ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. குடத்தோடு வருகிறவர்கள் கிணற்றடியில் நின்று அவளைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். பால்குடிப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று ஒருத்தி சொல்லிவிட்டு, சொன்னதற்காக உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒரு நாள் வெயில் சாய்கிற நேரத்தில் முத்துராக்கு கிணற்றின் உள்ளே குனிந்து, தண்ணீரில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததைச் சாத்தையா பார்த்தான். உதட்டை இழுத்துச் சிரிப்பாள், வாளியை விட்டு ஒரு வாய் எடுத்துக் குடிப்பாள், துப்புவாள், மறுபடி சிரிப்பாள். அவனைக் கண்டதும் நிமிர்ந்து, "நான் என்னங்க செய்ய? சந்தோசமாத்தான் இருக்கேன். இந்தத் தண்ணிக்குத்தான் தெரிய மாட்டேங்குது" என்று சொல்லி அழுதாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். அன்று ஊர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை.

மாசியில் குலசாமிக்குக் களரித் திருவிழா வந்தது. கோயில் ஊரிலிருந்து வண்டிப்பாதையில் ஆறு கிலோமீட்டர், சுற்றிலும் கருவேலங்காடு. வருஷத்துக்கு ஒரு தரம் ஊரே வீட்டைப் பூட்டிவிட்டுப் போய் இரண்டு நாள் அங்கே கிடக்கும். எந்தக் கஷ்டத்திலும் பொங்கலைச் சொந்த ஊர்த் தண்ணீரில்தான் பொங்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம், அதனால் உப்பென்று தெரிந்தும் இருபது கேனில் அந்தத் தண்ணீரையே ஏற்றிக்கொண்டு போனார்கள். முத்துராக்கு அன்று பார்த்து வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள், கோயிலுக்கு வர முடியாது. சாத்தையா தானும் இருந்துவிடுகிறேன் என்றான். சாமிப் பெட்டியைத் தூக்குகிற முறை அவன் வீட்டுக்கு என்பதால் வில்வத்துரை விடவில்லை. "ரெண்டு நா தானப்பா, இருந்துக்கிரும்" என்றார்.

மறுநாள் மத்தியானம், பொங்கலுக்கு உலை வைக்க இருளாயி ஒரு கேனைச் சாய்த்தாள். பானையை அலசிய தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அத்தான்! இங்க வாங்க. இதக் குடிச்சுப் பாருங்க!"

சாத்தையா குடித்தான். வில்வத்துரை குடித்தார். ஆளாளுக்குக் கேனைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தார்கள். பங்குனியில் இனித்ததெல்லாம் இதற்குக் காணாது. பனையிலிருந்து அப்போதுதான் இறக்கிய பதநீரைப் போலத் தொண்டை வரைக்கும் இனித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். சாமி கண் திறந்துவிட்டது என்று வில்வத்துரை தரையில் விழுந்து கும்பிட்டார். கிழவர் ஒருவர் தன் நாலு மாதத் தாகத்துக்கும் சேர்த்துக் குடித்து விக்கலெடுத்தார்.

சாத்தையாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளுக்கு என்ன ஆயிற்று, என்ன நல்லது நடந்தது? இளைய மகள் போன் பண்ணி உண்டாகியிருக்கிறேன் என்று சொல்லியிருப்பாளோ? காணாமல் போன தோடு கிடைத்துவிட்டதோ? அது எதுவாக இருந்தாலும் அந்த நேரம் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும், அவள் சந்தோஷத்தை ஒரு தரமாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்குத் தவித்தது. ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, சாயங்காலப் பூசைக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, காட்டுக்குள் குறுக்கே நடந்தான். வழியெல்லாம் ஒவ்வொரு மடக்காகக் குடித்துப் பார்த்தான், ஒவ்வொரு மடக்கும் இனித்தது. "நான் இல்லாம ஒனக்கு என்னடி அம்புட்டுச் சந்தோசம்?" என்று போனதும் அவளைச் சீண்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். அதைச் சொல்லிப் பார்த்துத் தனக்குள்ளே சிரித்துக்கொண்டான்.

ஊரில் ஒரு ஆள் இல்லை, நாய்கூடக் களரிக்குப் போயிருந்தது. அவளைத் திடுக்கிட வைக்கலாமென்று வாசல் பக்கம் போகாமல் கொல்லை வேலிப் பக்கம் வந்து நின்றான்.

முத்துராக்கு துவைக்கிற கல்லின் மேல் முருங்கை நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. மடியில் கிண்ணத்தில் பழைய சோறும், கல்லின் மேல் வறுத்த மோர் மிளகாய் நாலும் இருந்தன. ஒரு மிளகாயைக் கடிப்பாள், ஒரு வாய் சோறு வைப்பாள், வேலியில் ஏறுகிற ஓணானைப் பார்ப்பாள், பார்த்துக்கொண்டே இருப்பாள், ஓணான் போன பிறகும் அந்த இடத்தையே பார்ப்பாள், பிறகு நினைப்பு வந்து இன்னொரு வாய் வைப்பாள். சாத்தையா காத்திருந்தான். இப்போது ஏதாவது நடக்கும், யாராவது வருவார்கள், போன் அடிக்கும், அவள் எதையாவது எடுத்துப் பார்த்துச் சிரிப்பாள் என்று காத்திருந்தான். அவள் கால் விரலைச் சொறிந்தாள். காற்று வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள், மூடிய கண்ணை வெகுநேரம் திறக்கவில்லை. தூங்கிவிட்டாயா என்று கேட்க அங்கே யாருமில்லை. அவன் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தான். அந்த மாதிரி இனிப்பை அவன் அதற்கு முன்னால் குடித்ததில்லை.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. எட்டு நாள் காடு, மூன்று நாள் வீடு. கிணறு இனித்த அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் காட்டில் இருந்தான், ஆடு செத்த பிறகு மறுபடி இனித்ததும் அவன் கிளம்பிப் போன அன்றைக்குத்தான். ஆனியிலிருந்து அவன் ஒரு நாள்கூட வீட்டை விட்டுப் போகவில்லை. இருபத்தாறு வருஷமும் அவள் அவனை ஒரு நாளும் வெறுத்ததில்லை, அது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்ததால்தான் அவனுக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. இரண்டாவது மடக்கை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விடலாமென்று காலை எடுத்தான். சருகு மிதிபட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வந்துட்டீகளா?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. காலை மடக்கினாள், முடியை அள்ளி முடிந்தாள், கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். அவன் வாயிலிருந்த தண்ணீர் கரித்தது. துப்பாமல் விழுங்கினான்.

"களரி முடியலயே, என்னத்துக்கு இம்புட்டுத் தூரம் வெயில்ல வந்தீக? சாப்பிட்டீகளா?"

"சும்மாதான். ஒன்னயப் பாத்துட்டுப் போகலாம்னு."

"இருங்க, ரெண்டு நிமிசத்துல சோறு வடிச்சுர்றேன்."

"வேணாம். பொங்கலுக்குத் தேடுவாக."

அவள் அவன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் பார்த்த முகம், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

"தண்ணி இனிச்சுச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இனிச்சுச்சு" என்றான்.

அவள் கல்லின் மேல் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். "நான் வேணும்னு செய்யலங்க" என்றாள். "எனக்கே தெரியாதுங்க. சத்தியமா நான் ஒண்ணும் நெனைக்கல, சும்மாதான் ஒக்காந்திருந்தேன்."

"தெரியும்த்தா" என்றான். "நீ சாப்பிடு. நான் அப்படியே மூட்டத்துக்குப் போறேன். எட்டு நா கழிச்சு வாரேன். நீ சும்மா இரு."

"ஒரு வாய் சாப்பிட்டுப் போங்களேன்."

"பசிக்கல."

வேலிப் படலைச் சாத்திவிட்டு நடந்தான். அவன் இப்போது வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றுதான், தான் கண்ணிலிருந்து மறைந்ததும் தண்ணீர் இனித்துவிட வேண்டும். ஊருக்காக, பால்குடிப் பிள்ளைக்காக, அவளுக்காக. ஊர் எல்லையில் நின்று பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தான். கரித்தது. இன்னும் தூரம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டான். ஓடைப் பாலத்தில் குடித்தான். கரித்தது. காடு தொடங்குகிற இடத்தில் போன் அடித்தது, வில்வத்துரை.

"சாத்தையா, பொங்கப் பானை பூராம் கரிக்குதுப்பா. இப்பத்தான், திடீர்னு. நீ எங்க இருக்க?"

"ரோட்டுல இருக்கேண்ணே."

"வீட்டுக்குப் போனியா?"

"போனேண்ணே."

போனில் மேளம் கேட்டது, எத்தனை மணிக்குப் போனான் என்று யாரோ கேட்பது கேட்டது, இருளாயி "பேசாம இருங்க எல்லாரும்" என்று அதட்டுவது கேட்டது. "சரிப்பா, பாத்து வா" என்று சொல்லிவிட்டு வில்வத்துரை போனை வைத்துவிட்டார்.

சாத்தையா மூட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. காவல் முறைக்காரன் களரிக்குப் போயிருந்தான். மூட்டத்தில் மூன்று இடத்தில் விரிசல் விட்டுப் புகை வந்தது. மண்ணைக் குழைத்து மூன்றையும் அடைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, பாட்டிலில் மிச்சமிருந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தான். அப்போதும் கரித்தது. யாருமில்லாத வீட்டில், யாருமில்லாத ஊரில், சாப்பிடாமல் போன மனுஷனை நினைத்துக்கொண்டு அவள் அந்தக் கல்லின் மேலேயே இருக்கிறாள். கிண்ணத்துச் சோறு அப்படியே இருக்கிறது. இனி அவன் எவ்வளவு தூரம் போனாலும் அவளால் சும்மா இருக்க முடியாது. அதை அவளாலும் மாற்ற முடியாது, அவனாலும் முடியாது, சாமியாலும் முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது.

இத்தனை வருஷத்தில் அவளுடைய இனிப்பு ஒரு சொட்டுக்கூடத் தன்னால் வந்ததில்லை, இந்தக் கரிப்பு முழுக்கத் தனக்கே தனக்காக வந்தது என்று நினைத்தபோது சாத்தையாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாட்டிலைச் சாய்த்து, கீழே ஒரு சொட்டுச் சிந்தாமல், மிச்சம் முழுவதையும் குடித்தான்.